தகரத்தான் திரும்பிய நான்கு நாட்கள்

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால் முதலில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் இப்போது பாதி எழுத்துதான் தெரிகிறது, மீதியை நாமே இட்டுக்கட்டிப் படிக்கிறோம். இந்த விஷயத்தில் இட்டுக்கட்ட எனக்கே துணிச்சல் இல்லை. நீங்களும் வேண்டாம்.

போன பங்குனியில் அரியலூரில் ஒரு தொழிற்பள்ளி மாணவர்கள் தாங்கள் செய்ததையெல்லாம் வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதருக்கு அன்று பார்த்து வயிற்றுக் கோளாறு. கல்யாண வீடுகளில் நாலு பேரைச் சிரிக்கவைக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. எங்கே நாற்காலி காலியாக இருந்தாலும் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். போனேன். குத்துவிளக்கு ஏற்ற மூன்று தீக்குச்சியை வீணாக்கினேன். அதற்கே கை தட்டினார்கள். பெஞ்சு, ஜன்னல் கம்பி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே பின்பக்க முற்றத்துக்கு வந்தேன்.

அங்கே வேப்பமரத்தடியில் அது நின்றது.

ஆறடி உயர இரும்பு மனிதன். இரண்டு கையையும் விரித்து நின்றான். உடம்பு முழுக்க சைக்கிள் சங்கிலி, கலப்பைக் கொழு, பஸ்ஸின் வில்லுப் பட்டை, இன்னும் என்னென்னவோ. பளபளவென்று புதிதாக ஒட்டியிருந்தது. தலை மட்டும் பழசு. செங்காவி நிறத்தில் துருவேறி, ஒரு பக்கம் நசுங்கி இருந்தது. அதில் ஒரு கண் வட்டம். இன்னொரு கண் சதுரம்.

வாயில் இருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டேன்.

செய்த மாணவன் பக்கத்திலேயே கைகட்டி நின்றான். இருபது வயதுகூட இருக்காது.

"தம்பி, இந்தத் தலைய எப்படிச் செஞ்சீங்க?"

"தல மட்டும் நான் செய்யலைங்க சார். மத்ததெல்லாம் நான் வெல்டு அடிச்சது. தல எங்க மாமா காட்டுல மோட்டார் கொட்டாய்க்குக் குழி தோண்டறப்ப கெடச்சுது."

"எந்த ஊரு?"

"வேப்பந்தட்டைக்கு மேக்க சார். மலையடிவாரம்." ஊர்ப் பெயரைச் சொன்னான். நான் பிறந்த ஊர். அந்தக் காடும் ஒரு காலத்தில் எங்களுடையதுதான்.

"சார், இதக் கேளுங்களேன்" என்று உற்சாகமாக அந்தத் தலையில் தட்டினான். உள்ளே ஏதோ கிலுங்கென்றது. "என்னமோ உள்ள கெடக்குது. வாய் நசுங்கிப் போச்சு, கண்ணு வழியாவும் வெளிய வரமாட்டேங்குது. வெட்டி எடுத்தா மொகம் போயிடும். சத்தமும் நல்லாத்தான் இருக்குன்னு அப்படியே விட்டுட்டேன்."

எனக்கு உள்ளே கிடப்பது என்ன என்று தெரியும். அதைச் சொல்லவில்லை. மேடை ஏறி மூன்று வாக்கியம் பேசினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எதற்குச் சிரித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அந்தத் தலையைச் செய்தவர் என் சித்தப்பா. அவரும் மாணவராக இருந்தபோதுதான் செய்தார்.

ஒரு பாதிரியார் நடத்திய தொழிற்பள்ளியில் இரண்டு வருஷம் தகரவேலை படித்தார். கடைசிப் பரீட்சைக்கு ஒரு வாளி செய்துகாட்ட வேண்டும். எல்லோரும் வாளி செய்தார்கள். சித்தப்பா மனிதன் செய்தார். மண்ணெண்ணெய் டின்களை வெட்டி விரித்து உடம்பும் கையும். தலைக்கு மட்டும் கனமான இரும்பு, மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் சால் ஒன்று உடைந்து கிடந்ததன் அடிப்பாகம். ஒரு கண்ணை வட்டமாக வெட்டி முடித்ததும் உளி உடைந்துவிட்டது. அடுத்த கண்ணைக் கைக்குக் கிடைத்த உளியால் சதுரமாக வெட்டினார். உண்டியல் மாதிரி ஒரு வாய்.

பாதிரியார் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல தண்ணி புடிக்க முடியுமாப்பா?" என்று கேட்டாராம்.

"முடியாதுங்க சாமி. ஆனா மழையில நிக்கும்."

பெயில். பெயிலான மனிதனை மாட்டுவண்டியில் ஏற்றி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தார் சித்தப்பா. வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் எங்கள் சோளக்காடு. அதன் நடுவில் ஒரு பனங்கட்டையை நட்டு, கட்டையின் உச்சியில் இரும்புக் குழாய் செருகி, அதன்மேல் மனிதனை மாட்டினார். தன் பழைய காக்கிச் சட்டையையும் போட்டுவிட்டார். மேற்கே மலையைப் பார்க்க நிறுத்தினார், கிளிகள் அங்கிருந்துதான் இறங்கும் என்பதால்.

"ஒரு கிளி வராது பாரு. அடுத்தத ரஞ்சன்குடி கோட்ட மேல நிறுத்துறேன். பெரம்பலூரே பயப்படட்டும்" என்றார். மறுவாரமே சிட்டுக்குருவி அதன் தலைமேல் உட்கார்ந்து எச்சமிட்டது. நாங்கள் அதற்குத் தகரத்தான் என்று பெயர் வைத்தோம்.

வாளி செய்யாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அப்போது யுத்தம். பட்டாளத்தில் பிட்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள், சித்தப்பா சேர்ந்துவிட்டார். கிளம்புவதற்கு நாலு மாதம் முன்னால்தான் கல்யாணம். சித்திக்கு ஊர் கீழப்பழுவூர். பதினேழு வயது இருக்கும். அரியலூர் ஸ்டேஷனில் எல்லோரும் அழுதபோது சித்தி மட்டும் அழவில்லை.

"போய்ச் சேந்ததும் எழுதுங்க. கோணலா இருந்தாலும் பரவால்ல, உங்க கண்ணு மாதிரி" என்று தகரத்தானை வைத்துக் கேலி பேசினாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே போனார். நான் கடைசியாகப் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான்.

சிங்கப்பூரிலிருந்து மூன்று கடிதம் வந்தது. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. கடிதம் நின்றது.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த தை மாதம். எனக்குப் பத்து வயது. வீட்டில் எல்லாம் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அப்பா, பெரியப்பா சொல்வதற்குத் தலையாட்டுகிறவர், ஆகையால் அவரை இந்தக் கதையில் மேற்கொண்டு எதிர்பார்க்காதீர்கள். பெரியப்பாவுக்கு இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. அந்த மீசைக்குப் பின்னால் இருந்த பயம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும். உச்சிவேளையில் காட்டுப்பக்கம் போகமாட்டார். நிழல் காலடியில் சுருண்டுவிடுகிற அந்த நேரத்தில் கெட்டதெல்லாம் நடமாடும் என்று ஊரே நம்பியது. பெரியப்பா கொஞ்சம் கூடுதலாகவே நம்பினார்.

சித்தி மட்டும் பயப்படவில்லை. கிணற்றுக்குப் போகும்போது தகரத்தானைக் கடந்துதான் போக வேண்டும். "என்ன, சாப்டாச்சா? வெயில்ல நிக்கிறீங்களே" என்று கேட்டுவிட்டுப் போவாள். நான் ஒளிந்திருந்து கேட்டுவிட்டுச் சிரிப்பேன். பத்து வயதில் எனக்கு எல்லாமே சிரிப்புதான். அந்தச் சுபாவத்துக்குத்தான் இன்றைக்கு மாலை போடுகிறார்கள்.

ஒருநாள் பெரியப்பா ஏதோ காரணத்துக்காக என்னை அறைந்தார். காரணம் மறந்துபோயிற்று, அறை நினைவிருக்கிறது. பழிவாங்க ஒரு திட்டம் போட்டேன். தகரத்தானைத் தினம் உச்சிவேளையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். முதல் நாள் மலையிலிருந்து கிணற்றுப் பக்கம். இரண்டாம் நாள் வண்டிப்பாதை. மூன்றாம் நாள் வைக்கோல்போர். நாலாம் நாள் நேராக வீட்டைப் பார்க்க. பெரியப்பாவின் மீசை தானாகக் கீழே இறங்கும். இந்தத் திட்டத்தை யாரிடமும் சொல்லவில்லை. அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோளம் என்னைவிட உயரம். தட்டையின் இலை கையை அறுக்கும். உள்ளே காற்றே இருக்காது. நடுவில் போய் நின்றால் தகரம் காய்கிற வாடை வரும், அறுபட்ட விரலைச் சப்பினால் வருமே, அந்த வாடை. தகரத்தானின் கையைப் பிடித்து முழுப் பலத்தோடு தள்ளினேன். குழாய் கிரீச்சென்றது. கொதிக்கிற தகரம் உள்ளங்கையைச் சுட்டது. திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தேன்.

சாயங்காலம் பெரியப்பா கேட்டார். "எவன்டா தகரத்தானத் தொட்டது? கெணத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறான்?"

யாரும் தொடவில்லை.

இரண்டாம் நாள் வண்டிப்பாதையைப் பார்த்து நின்றதும் அவர் வாயில் மென்றுகொண்டிருந்த வெற்றிலை அப்படியே நின்றது. அம்மாவைக் கூப்பிட்டு, "பின் வாசல்ல வேப்பங்கொத்துச் சொருவு" என்றார். நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் உருண்டேன்.

மூன்றாம் நாள் போனபோது வெயில் முந்தின நாளைவிட அதிகம். தகரத்தானின் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. பானையைத் தொடுகிற மாதிரி. சட்டென்று கையை எடுத்துவிட்டு, சட்டையின் நிழல் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உச்சிவேளையில் ஏது நிழல்? பல்லைக் கடித்துத் தள்ளினேன். கிரீச். வைக்கோல்போரைப் பார்த்து நின்றது. அன்று ஓடும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலமே ஜுரம் வந்துவிட்டது.

நாலாம் நாள் நான் எழுந்திருக்கவில்லை. அம்மா ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள். ஓட்டின் இடுக்கு வழியாக விழுந்த வெயில், தரையில் நேர்கீழே காசு மாதிரி வட்டமாகக் கிடந்தது. உச்சிவேளை என்று தெரிந்தது. அப்போது காட்டுப் பக்கமிருந்து கிரீச்சென்று கேட்டது.

மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். ஒரு சோறு வேகிற நேரம் இருக்கும். மறுபடியும் கேட்டது. கிரீ...ச். இந்தத் தடவை நீளமாக.

பொழுது சாய்கிற நேரத்தில் பின்கட்டிலிருந்து பெரியப்பாவின் குரல். ஆண்பிள்ளைக் குரலாகவே இல்லை.

"வூட்டப் பாக்குறான்! ஏ, வந்து பாருங்க! வூட்டயே பாக்குறான்!"

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தகரத்தான் எங்களைப் பார்த்து நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் மலையில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தலையின் பின்பக்கத்தில் சித்தப்பா சல்லடை மாதிரி துளை போட்டிருந்தார். ஆகவே இரண்டு கண்ணும் எரிந்தன. ஒன்று வட்டமாக, ஒன்று சதுரமாக. என் திட்டத்தில் நாலாம் நாள் எப்படி நிற்க வேண்டுமோ அப்படியே நின்றான். நான் தொடாமலே.

மறுநாள் கோடங்கி வந்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். உடுக்கைச் சத்தத்தில் மாடுகள் கயிற்றை இழுத்தன. கண்ணை மூடியபடி சொன்னார்: "தண்ணி தண்ணின்னு செத்துருக்கான். அக்கர மண்ணுல கெடக்க முடியாம, தான் செஞ்ச உருவத்துலயே வந்து நிக்கிறான். நாலு நாளு தெச தேடியிருக்கான். வூடு தெரிஞ்சு போச்சு. இனிமே வூட்டுக்குள்ள வருவான்."

"என்னங்க செய்யறது?" என்றார் பெரியப்பா.

"கருமாதி பண்ணுங்க. தகரத்தயே பொணமா வெச்சுப் பொதச்சிடுங்க. பொண்டாட்டி தாலிய எறக்கி அவன் வாயிலயே போட்டுடணும். அவன் கட்டுனது அவனோட போயிட்டா அவள தேடி வரமாட்டான்."

"தங்கப் பொட்டுங்களே..."

"பொட்டு வேணுமா, வூடு வேணுமா?"

பெரியப்பா சரியென்று தலையாட்டினார். கோடங்கி காட்டுக்குப் போய், ஆவியைக் கட்டுகிறேன் என்று தகரத்தானின் காலில் மூன்று ஆணியைப் பனங்கட்டையோடு சேர்த்து அடித்துவிட்டுப் போனார். எட்டாம் நாள் கருமாதி என்று முடிவாயிற்று.

சித்தி அடுப்படி இருட்டில் உட்கார்ந்து தாலிக்கயிற்றைக் கையில் பொத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் மண்டையில் ஏறியது. நான் விளையாட்டுக்குத் திருப்பினேன், அவள் தாலி அறுக்கப் போகிறார்கள்.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். பிறகு, "வெளிய மூச்சு விடாத. உங்க பெரியப்பன் உன்னக் கெணத்துலயே எறிஞ்சுடுவாரு" என்றாள்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பெரியப்பா முன்னால் போய் நின்றேன்.

"பெரியப்பா, நாந்தான் திருப்புனேன்."

"எத?"

"தகரத்தான. உங்களப் பயமுறுத்தறதுக்கு."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தார். அதுதான் பயமாக இருந்தது.

"சித்தி மேல அவ்வளவு பாசமாடா? அவ சொல்லிக் குடுத்தாளா?"

"இல்ல பெரியப்பா, நெசமா. வாங்க, திருப்பிக் காட்றேன்."

வெயில் ஏறுவதற்கு முன் என்னையும் அழைத்துக்கொண்டு, துணைக்கு நாலு ஆட்களோடு காட்டுக்கு வந்தார். தகரத்தானின் கையைப் பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினேன். அசையவில்லை.

"ஆணி அடிச்சிருக்காங்க பெரியப்பா! ஆணிய எடுங்க, திரும்பும்!"

"அதான்டா. ஆணி அடிச்சதுக்கு அப்புறம் திரும்ப மாட்டேங்குது பாத்தியா? கட்டுப்பட்டுட்டான்" என்றார், கூட வந்தவர்களைப் பார்த்து. எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு என்னிடம் குனிந்து, "நீதான் திருப்புனன்னே வெச்சுக்கறேன். நாலாம் நாளு நீ ஜொரத்துல கெடந்தியே. அன்னிக்கு வூட்டப் பாக்கத் திருப்புனது யாரு?" என்று கேட்டார்.

இந்த வாயால் எத்தனையோ மேடையில் பதிலடி கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த மூன்று ஆணியையே எண்ணிக்கொண்டு நின்றேன்.

எட்டாம் நாள் காலை தகரத்தானைக் கட்டையிலிருந்து பெயர்த்துப் பாயில் கிடத்தினார்கள். காக்கிச் சட்டையைக் கழற்றி, எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தகரத்தைக் குளிப்பாட்டினார்கள். ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. துருதான். பெண்கள் அதைப் பார்த்துப் பெருங்குரலெடுத்தார்கள். புது வேட்டி போர்த்தினார்கள். வாளி செய்யாத குற்றத்துக்காகப் பெயிலான ஒரு டின்னுக்கு, ஊரே மாரடித்து அழுதது. இதை இன்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரிக்கவே சொல்கிறேன். ஆனால் அங்கே நின்றிருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள்.

சித்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

"அவுரு உசுரோட இருக்காரு."

அது யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் அழுகை இன்னும் உயர்ந்தது. கயிறு அறுந்தது. பெரியப்பாவே அதை வாங்கி அந்த உண்டியல் வாயில் போட்டார். கயிறு நழுவ, பொட்டு உள்ளே விழுந்து கிலுங்கென்றது.

அந்தச் சத்தத்தைத்தான் முப்பத்தேழு வருஷம் கழித்து அரியலூரில் கேட்டேன்.

தகரத்தானை அந்தக் காட்டிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். மறுநாள் சித்தியின் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைப் புடவையில் அவள் வேறு யாரோ மாதிரி இருந்தாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னை இழுத்துக் கன்னத்தைக் கிள்ளினாள். "நல்லா சாப்புடு. எலும்பும் தோலுமா இருக்க" என்றாள். வண்டி போய்விட்டது.

யுத்தம் முடிந்து, நெடுநாள் கழித்து ஒரு சர்க்கார் கடிதம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். சித்தப்பா கைதிகள் முகாமில் சீக்கு வந்து இறந்துபோனார். தேதியையும் மாதத்தையும் வாத்தியார் தமிழில் கணக்குப் போட்டார். நாங்கள் தையில் கருமாதி செய்ததற்கு அடுத்து வந்த ஆடி மாதம்.

தகரத்தை நாங்கள் குளிப்பாட்டிய அன்று சித்தப்பா உயிரோடு இருந்தார். சித்தி சொன்னது சரி. ஆறு மாதம் அவள் புருஷன் உயிரோடு இருக்கும்போதே வெள்ளை கட்டியிருந்தாள்.

பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? "ஆறு மாசத்துக்கு முன்னாடியே நமக்கு வந்து சொல்லிட்டான் பாருங்க!" சாகும்வரை அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் செய்த வேடிக்கை எல்லாம் வாயால் மட்டும்தான். கையால் எதையும் தொடுவதில்லை.

சித்தி கீழப்பழுவூரில் பஸ் நிற்கும் இடத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். வருஷத்துக்கு நாலு தடவை போவேன். சொல்ல வந்ததைச் சட்னியோடு விழுங்கிவிட்டு வந்துவிடுவேன். கண்காட்சிக்கு மறுநாள் போனபோது விழுங்கவில்லை.

"சித்தி, அரியலூர் வரைக்கும் வரியா? ஒண்ணு காட்டணும்."

"என்னடா, சினிமாவா? இந்த வயசுலயா?"

"தகரத்தான் தல கெடச்சிருக்கு."

இட்லித் தட்டிலிருந்து துணியை உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. முழுத் தட்டையும் உரித்து முடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "இரு, பொடவ மாத்திட்டு வரேன்" என்றாள்.

பஸ்ஸில் சொன்னேன். பழிவாங்கத் திட்டம் போட்டது, மூன்று நாள் திருப்பியது, பெரியப்பாவிடம் சொன்னது, ஆணி. எல்லாவற்றையும். முப்பத்தேழு வருஷத்துச் சுமையை ஒரு டிக்கெட் தூரத்தில் இறக்கினேன்.

சித்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "தெரியும்டா" என்றாள்.

"தெரியுமா?"

"மொத நாளே பாத்துட்டேன், கெணத்துலேருந்து. ரெண்டு கையும் வெந்துபோயி குதிச்சிக்கிட்டு ஓடுன. எனக்கு அன்னிக்குச் சிரிப்பு தாங்கல. அவுரு போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"மூத்தாரு முன்னாடி நின்னு பேசற காலமாடா அது? உங்கம்மாகிட்ட சொன்னேன், புள்ள வெளாட்டுன்னு. புருசன் போனத ஒத்துக்க மாட்டாம பேசறான்னு நெனச்சுட்டாங்க."

அம்மா இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். என் வாயிலிருந்து ஒரு தடவை, சித்தியின் வாயிலிருந்து ஒரு தடவை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விட்டாளா, பார்த்துவிட்டு என்னைக் காப்பாற்றினாளா? கேட்பதற்கு அம்மா இப்போது இல்லை.

"நாலாவது நாளு நீதானே சித்தி திருப்புன?" என்று கேட்டேன். முப்பத்தேழு வருஷமாக நான் அப்படித்தான் வைத்திருந்தேன். அவள் ஏக்கத்தில் அவனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள் என்று. அப்படி வைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

"ஆமா, திருப்புனேன்."

நான் மூச்சு விட்டேன்.

"நீ ஜொரத்துல கெடந்த. பெரியவரு ஆளு விட்டு யாருன்னு பாக்கப் போறாருன்னு பேச்சு. மாட்டுனா உன்னத் தோல உரிச்சிடுவாரேன்னு, உச்சிவேளையில போயி பழையபடி மலையப் பாக்கத் திருப்பி வெச்சுட்டு வந்துட்டேன். பழையபடி நின்னுட்டா விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"மலையப் பாக்கவா?"

"மலையப் பாக்கத்தான்டா. ஒரே தள்ளு. கிரீச்சுன்னு ஒரு சத்தம். வந்து அரிசி கழுவி ஒலையில போட்டேன்."

நான் அன்று இரண்டு சத்தம் கேட்டேன் என்று சித்தியிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் வெயில் அடித்தது. எனக்கு முன்னங்கை சில்லிட்டது.

தொழிற்பள்ளி முற்றத்தில் அன்று கூட்டம் இல்லை. மாணவன் ஓடிவந்து வணங்கினான். சித்தி அவனைக் கவனிக்கவில்லை. இரும்பு மனிதனை அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே வந்து அந்தத் தலையில் நின்றாள். இரண்டு கண்ணிலும் மாற்றி மாற்றி விரலை விட்டுப் பார்த்தாள். வட்டத்தில் விரல் சுலபமாகப் போயிற்று.

"தம்பி, ஒடம்பு நீங்க செஞ்சீங்களா?"

"ஆமாங்கம்மா."

"நல்லா தாட்டியா செஞ்சிருக்கீங்க. அவுரு ஒல்லி."

மாணவன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான்.

நான் தலையைத் தட்டினேன். கிலுங். சித்தியின் கை தானாகக் கழுத்துக்குப் போய்விட்டு வந்தது.

"உள்ளயே இருக்கா?"

"இருக்கு சித்தி. தம்பிகிட்ட சொன்னா வெட்டி எடுத்துக் குடுத்துடுவாரு."

"வேணாம்டா. இத்தன வருசம் அவுரு பத்திரமா வெச்சிருந்தாரு. எங்கிட்ட குடுத்தா இட்லி மாவுல தொலைச்சுடுவேன்." சுற்றிவந்து பின்பக்கத்தையும் பார்த்தாள். பிறகு, "இத எந்தப் பக்கம் பாக்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"வாசலப் பாக்க வெச்சேங்க. கெழக்க" என்றான் மாணவன்.

"மேக்க திருப்பிடு" என்றாள் சித்தி. அவனிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். "இங்கேருந்து மலை தெரியாது. தெரியலன்னா என்ன, அவுருக்குத் தெரியும்."

நான் நாற்பத்தேழு வயதுக்காரன். தொப்பை வேறு. சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கையால் எதையும் தொடுவதில்லை என்ற விரதத்தை முறித்து, இரும்பு மனிதனை இடுப்போடு கட்டிப்பிடித்தேன். மாணவன் ஒரு பக்கம் பிடித்தான். பீடம் தரையில் உரசிக் கிரீச்சென்றது. உள்ளே கிலுங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, இந்தத் தடவை சித்தி பார்த்துக்கொண்டிருக்க, அவனை மேற்கே திருப்பினேன்.

"போதும்" என்றாள் சித்தி. தலைப்பால் அவன் முகத்துத் தூசியைத் துடைத்துவிட்டு, "சாப்டாச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னை அவசரப்படுத்தினாள்.

கண்காட்சி இன்னும் மூன்று நாள் நடந்தது. மறுநாள் அவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றான் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. மாணவன் என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான். இரண்டு தடவையும் நான் ஊரில் இல்லை என்று சொல்லிவிடச் சொன்னேன்.